முதல் கல்லுக்கு மூன்று படி அரிசி

அலோர் காஜா
5-8-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பாக்கியலட்சுமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். குழந்தை ஜெயாவுக்கு இரண்டு நாள் சளி. கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன், இறங்கிவிட்டது. சுசீலா அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் அனுப்பிய தரைக்கல் வியாழக்கிழமை லோரியில் வந்து இறங்கியது. அடேயப்பா, என்ன பூ, என்ன சிவப்பு! நாலு கல்லைச் சேர்த்து வைத்தால் ஒரு முழுப் பூ வருகிறது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாலா, ஒங்க அண்ணன் வேலை செய்யற கடையையே தூக்கி அனுப்பிட்டாரா?" என்றாள். வயிற்றெரிச்சல் பிடித்தவள். புது வீட்டுக்கு என் அண்ணன் செய்யாமல் வேறு யார் செய்வார்?

ஒன்பது கல் உடைசல். டிரைவர்மேல் குற்றமில்லை. வழியில் சோல்ஜர்கள் நிறுத்தி, கல் அத்தனையையும் இறக்கச் சொல்லி, வரிசை வரிசையாகத் தூக்கிப் பார்த்தார்களாம். நடுவில் அரிசி ஒளித்திருக்கும் என்று! இப்போது இங்கே அரிசி கூப்பனுக்குத்தான். டவுன் எல்லையில் இரும்புக் கேட்டு வைத்துப் போலீஸ் நிற்கிறது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடுவதில்லை. அந்த உத்தரவு நோட்டீசைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே உங்கள் மாப்பிள்ளைதான். ஆபீசில் அவருக்கு அதனால் நல்ல பெயர். வீட்டில் எனக்குத்தான் தினமும் அதை ஒப்பிக்கிறார்.

கல்லைப் பதிக்க ஆள் வேண்டும். மலாக்காவிலிருந்து யாரையாவது அனுப்புவீர்களா, இங்கேயே தேடவா? உடனே எழுதுங்கள். கல் அடுக்கியிருக்கிற கூடத்தில் நடக்க இடமில்லை.

உங்கள் தங்கை,
பாக்கியம்


மலாக்கா
14-8-1951

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

அண்ணன் சாமிக்கண்ணு ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான், தைலம் போடுகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

நம் கடைக்கு வாடிக்கையாக வரும் கொத்தனாரைக் கேட்டேன். அலோர் காஜா என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். போன மாதம் அந்த ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டு எரித்தார்கள் அல்லவா, அந்தப் பயம். ஆகவே உள்ளூர் ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.

நான் பதினாலு வருஷமாக இந்தச் சரக்கை விற்கிறேன், கேட்டுக்கொள். ஆளின் பேச்சைக் கேட்காதே, அவன் போட்ட தரையைப் பார். விரலை மடக்கித் தட்டிப் பார். டொக் டொக்கென்று கேட்டால் அடியில் சாந்து நிரம்பவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார். நடுவில் தேங்கினால் மட்டம் தெரியாதவன். பதிப்பதற்கு முன் கல்லை முழு நாள் தண்ணீரில் ஊறப்போடுகிறானா என்று கேள்.

இன்னொன்று. அடையாளக் கார்டு இருக்கிறதா பார். ஒரே ஆளாக வரச் சொல். அவனிடம் மாப்பிள்ளையின் ஆபீஸ் சமாச்சாரம் எதுவும் பேசாதே. காலம் சரியில்லை. உனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


அலோர் காஜா
26-8-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யாருக்கும் நோய் நொடியில்லை. வாய் நீளம் என்று எழுதியிருந்தீர்கள். அது நம் அப்பா கொடுத்தது, உங்களுக்குப் பங்கு வராமல் போனது என் தப்பா?

ஆள் கிடைத்துவிட்டார். பெயர் மாயாண்டி. டவுனுக்கு வெளியே ஐந்தாம் மைல் கட்டை ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில் இருக்கிறார். தரைவேலைக் கண்டிராக்கு மாயாண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். பாசார் முனையில் உள்ள சாப்பாட்டுக் கடைத் தரை அவர் போட்டதுதான். நானே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலுக்கடியில் குனிந்து தட்டிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டுமே. ஒரு கல்கூட டொக்கென்னவில்லை.

மாயாண்டி அண்ணன் வந்து நம் கூடத்தைப் பார்த்தார். ஓரத்தில் மண்ணைக் கிள்ளி விரலில் நசுக்கிவிட்டு, "கல்லு நல்ல கல்லும்மா. தரைதான் ஈரம் குடிக்குது. மணலு போட்டு, மட்டம் எடுத்து, ஆறவிட்டுத்தான் பதிக்கணும். அவசரம்னா வேற ஆளப் பாருங்கலா" என்றார். இப்படிச் சொல்கிற ஆளை விடுவேனா? பேசி முடித்துவிட்டேன். கார்டு இருக்கிறது. தனியாகத்தான் வருகிறார். மனைவி கருப்பாயி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறாள், மூன்று பிள்ளைகள்.

ஆவணி முடிவதற்குள், செப்டம்பர் பதிமூன்று வியாழக்கிழமை, ஈசானிய மூலையில் முதல் கல். நம் வீட்டில் எப்போதும் செய்கிறமாதிரி கொத்தனாருக்குத் தாம்பாளம் வைக்கப்போகிறேன்: வேட்டி, தேங்காய், வெற்றிலை, வெல்லம், மூன்று படி அரிசி. கூப்பன் அரிசியில் எப்படி மூன்று படி என்று கேட்பீர்கள். ஒரு மாதமாக ஒருவேளை மரவள்ளிக்கிழங்குதான். உங்கள் மாப்பிள்ளைக்குக் கிழங்கு பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவரை நம்ப வைத்துவிட்டேன்.

பாக்கியம்


மலாக்கா
12-9-1951

பாக்கியத்துக்கு,

சுகம். கடையில் கணக்கெடுப்பு நடந்ததால் பதில் தாமதம். உன் கடிதத்தை இன்றுதான் மறுபடி படித்தேன்.

தாம்பாளத்தில் அரிசி வைக்காதே. வெற்றிலை பாக்கு போதும். அந்த ஆள் டவுனுக்கு வெளியே இருப்பவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவன் கேட்டைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகவேண்டும்? இங்கே ஒருத்தன் பால் டின் இரண்டோடு பிடிபட்டு, இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

இந்தக் கடிதம் நாளைக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுத் தபாலில் போடுகிறேன்.

அண்ணன்


அலோர் காஜா
13-9-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நல்ல சுகம். உங்களிடமிருந்து பதிலே இல்லை, இருந்தாலும் சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன். இன்று காலை முதல் கல் பதித்தாயிற்று! மஞ்சள் தடவி, பூ வைத்து, மாயாண்டி அண்ணன் மரச்சுத்தியலின் பிடியால் நாலு மூலையிலும் மெல்லத் தட்டினார். மாலைக்குள் ஈசானிய மூலையில் ஆறு பூ முழுசாக மலர்ந்துவிட்டது. ஜெயாவைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு, மூன்று நாளைக்கு மிதிக்கக்கூடாதாம்.

தாம்பாளத்தில் ஒரு கூத்து நடந்தது, கேளுங்கள். வேட்டியை எடுத்துக்கொண்டார். தேங்காயை இங்கேயே உடைத்து, ஆளுக்கொரு பத்தை என்று கொடுத்துத் தானும் தின்றார். அரிசியை மட்டும் தொடவில்லை. "அது வேண்டாம்மா. கேட்டுல பிடிச்சா என் கதி அவ்வளவுதான். ஒங்க பானையிலயே கொட்டிருங்க. மனசு நெறைஞ்சிருச்சி" என்றார்.

வைத்த அரிசியைத் திரும்பப் பானையில் போடுவதா? அந்தச் சோறு நமக்குத் தொண்டையில் இறங்குமா? வீடு விளங்குமா? நானா விடுகிறவள்! அவர் கிணற்றடிக்குக் கை கழுவப் போன சமயம், அரிசியை மஞ்சள் துணியில் முடிந்து, அவருடைய சாமான் பையின் அடியில் கரண்டிக்கும் மட்டப்பலகைக்கும் கீழே வைத்துவிட்டேன். கேட்டில் நிற்கிற பையன்களுக்கு இவரைத் தெரியும், பையைத் திறப்பதே இல்லை என்று அவரே ஒருநாள் சொன்னார். அப்புறம் என்ன பயம்? வீட்டில் போய்ப் பையைக் கவிழ்த்துவிட்டு முழிக்கட்டும்! நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு இது தெரியாது. தெரிந்தால் நோட்டீசை முதல் வரியிலிருந்து ஒப்பிப்பார்.

பாக்கியம்


அலோர் காஜா
19-9-1951

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது.

மாயாண்டி அண்ணன் வெள்ளிக்கிழமை வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை. ஊறப்போட்ட கல் தொட்டியிலேயே கிடந்தது. கருப்பாயி திங்கள்கிழமை வந்தாள். வியாழன் சாயங்காலம் கேட்டில் பழைய பையன்கள் இல்லையாம், வேறு ஊரிலிருந்து புது ஆட்களாம். பையைக் கொட்டச் சொன்னார்களாம். அன்றைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

"இந்தத் துணி முடிச்சு என்னாங்கறதே அவருக்குத் தெரியாதாம்மா. அப்படித்தான் சொல்லியிருக்காரு. யாருலா நம்புவா?" என்று அழுதாள். எந்தெந்த வீட்டில் வேலை செய்தார் என்று போலீஸ் கேட்டதற்கு, அன்றைக்கு எங்கும் வேலை இல்லை என்றாராம்.

நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன், அண்ணா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

பாக்கியம்


மலாக்கா
22-9-1951

பாக்கியத்துக்கு,

சுகத்துக்கு எழுத நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நீ ஒன்றும் செய்யாதே. அந்தத் தாம்பாளத்தைப் பற்றி மாப்பிள்ளையிடமோ குஞ்சம்மாவிடமோ மூச்சு விடாதே. அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர் வீட்டு அரிசி காட்டுக்குப் போனது என்று ஒரு வார்த்தை வந்தால் அவர் வேலை போகும். நீ ஜெயிலுக்குப் போவாய். ஜெயாவை யார் பார்ப்பது? அந்த ஆள் உன் பெயரைச் சொல்லவில்லை. கடவுள் காப்பாற்றியிருக்கிறார், அதை நீ கெடுக்காதே.

என் கடிதங்களை அடுப்பில் போடு. உன் கடிதங்களை நான் போட்டுவிட்டேன்.

எங்கள் கடை முதலாளி யூனுஸ் ராவுத்தருக்குப் பெரிய இடத்தில் பழக்கமுண்டு. அவர் காதில் போட்டு ஆளை வெளியே எடுக்க வழி பார்க்கிறேன். கொஞ்சம் பொறு.

அண்ணன்


அலோர் காஜா
7-10-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி நோயில்லை.

போன புதன்கிழமை போலீஸ் இங்கேயே வந்தது. மாயாண்டி அண்ணன் மறைத்தாலும் ஊருக்குத் தெரியுமே, அவர் யார் வீட்டில் கல் பதித்தார் என்று. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அந்த நோட்டீசையே நான்தான் எழுதினேன், சார். எங்க வீட்டுலேர்ந்து ஒரு மணி அரிசி வெளிய போகல" என்று சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர்கள் போனபிறகு என்னைப் பார்த்து, "கள்ளப்பய, நம்ம வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போயிருக்கான் பாத்தியா" என்றார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் வாய் நீளமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ.

நேற்றுக் கருப்பாயி மறுபடியும் வந்தாள். அவரைப் பார்க்க விட்டார்களாம். "யாரு வச்சான்னு கேட்டேம்மா. 'யாரோ நல்ல மனசுலதான் வச்சிருப்பாங்க, அவங்களையும் எதுக்கு இழுக்கணும்'ங்கறாரு" என்றாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த ஆறு பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா. தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ராவுத்தர் முதலாளி என்ன சொன்னார்? இரண்டு வரியாவது எழுதுங்கள்.

பாக்கியம்


மலாக்கா
18-11-1951

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை, ஜெயாவுக்குப் பாவாடைத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. வேலை மிகுதியால் பதில் எழுத முடியவில்லை.

நீ கவலைப்படும் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. முதலாளி பேசியிருக்கிறார். இப்படிப்பட்ட காரியம் மெதுவாகத்தான் நகரும். தை பிறப்பதற்குள் நல்ல சேதி வரும்.

அதற்குள் வேறு கண்டிராக்கு ஒருவரை வைத்துக் கூடத்தை முடித்துவிடு. பாதித் தரையை அப்படியே போட்டு வைத்தால் பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடைந்த ஒன்பது கல்லுக்குப் பதில் கல் அனுப்புகிறேன்.

அண்ணன்


அலோர் காஜா
25-11-1951

அண்ணனுக்கு,

அண்ணிக்கு என் வணக்கம். நாங்கள் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை யூனுஸ் ராவுத்தர் சரக்கு விஷயமாக இங்கே பாசாருக்கு வந்திருந்தார். நான் நேரே போய், மாயாண்டி விஷயத்தில் உதவி செய்வதற்கு நன்றி சொன்னேன். "எந்த மாயாண்டிம்மா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு மாதம், அண்ணா. இரண்டு மாதமாக நான் உங்கள் வார்த்தையை நம்பிக் கருப்பாயியிடம், "பொறுத்துக்கம்மா, எல்லாம் நல்லதா முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அவரைக் கப்பலேற்றப் போகிறார்கள். இந்தியாவில் பிறந்தவராம், அதனால் அங்கேயே அனுப்பிவிடுவார்களாம். ஏழாம் வயசில் வந்தவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? டிசம்பர் ஏழாம் தேதி கப்பல். கருப்பாயியும் பிள்ளைகளும் இங்கே.

நேற்று உங்கள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் பொய்க் கையெழுத்துல்ல போட்டிருக்கேன்" என்றார். நாளை காலை இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். ஜெயாவைக் குஞ்சம்மா பார்த்துக்கொள்வாள். நான் அவளைப் பற்றி முன்பு எழுதியதெல்லாம் தப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் கல் வைத்த அன்றைக்கு உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதம். அவர் வேண்டாம் என்றதும், நான் ஒளித்து வைத்ததும் அதில் இருக்கிறது. அவர் பிடிபட்டது தெரிவதற்கு முன்பே தபால் முத்திரை விழுந்த கடிதம். ஒருவேளை அதை எரிக்காமல் விட்டிருந்தால், உங்கள் காலில் விழுகிறேன், கொண்டு வாருங்கள்.

பாக்கியம்


மலாக்கா
28-11-1951

பாக்கியம்,

நீ சுகமாக இருக்கிறாயா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? ஸ்டேஷனுக்குப் போய்விட்டாயா? போகாதிருந்தால் போகாதே.

அந்தக் கடிதம் இல்லை. எரித்துவிட்டேன் என்று அப்போதே எழுதினேன். இருந்தாலும் அதைக் கொண்டு வந்து என்ன சொல்வது? எல்லாம் தெரிந்தும் இரண்டு மாதம் மறைத்தேன் என்றா? நீ இங்கே பிறந்தவள், உன்னை எங்கும் அனுப்ப முடியாது. நான் அம்மா இடுப்பில் கப்பலேறி வந்தவன். மாயாண்டியை ஏற்றுகிற அதே கப்பலில் என்னை ஏற்ற எத்தனை நேரமாகும்? எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலாளி விஷயத்தில் பொய் சொன்னேன். கேட்கப் பயமாக இருந்தது. உன் அண்ணன் கோழைதான், ஒத்துக்கொள்கிறேன். என்னை விட்டுவிடு.

சாமிக்கண்ணு


அலோர் காஜா
3-12-1951

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நாகமுத்து எழுதுவது. நீங்கள் பாக்கியத்துக்கு எழுதிய கடிதத்தை நான்தான் பிரித்தேன். அவள் இங்கே இல்லை. 26-ஆம் தேதி ஸ்டேஷனுக்குள் போனவளை வெளியே விடவில்லை. பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். உடம்பு இளைத்திருக்கிறாள், காய்ச்சல் இல்லை. ஜெயா குஞ்சம்மா அக்காள் வீட்டில் தூங்குகிறாள். எனக்கு ஆபீஸ் இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "புருஷன் கொடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், பெண்டாட்டி கொடுத்தேன் என்கிறாள், எதை நம்புவது?" என்றார். மாயாண்டியை விடவில்லை. அரிசி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்ததாம், இப்போது தெரிந்துவிட்டதாம். தரைக்கல் வேலை என்பதே சாக்கு, அரிசி கடத்தத்தான் அவரை வரவழைத்தோம் என்கிறார்கள். அவரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையே அவர் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. மறுநாள் கடப்பாறையோடு வந்து, பதித்த கல்லையெல்லாம் பெயர்த்து அடியில் தோண்டினார்கள். மணல்தான் இருந்தது.

பாக்கியம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "கொண்டு வா, பார்க்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். அது ஒன்றுதான் மாயாண்டிக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சி. அவள் காட்டுக்கு அனுப்பவில்லை, தாம்பாள அரிசியைத்தான் வைத்தாள் என்பதற்கும் அதுதான் சாட்சி. நீங்கள் எரித்துவிட்டதாக எழுதியதைப் படித்து நேற்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் உங்கள் மனைவி வந்து இறங்கினார். உங்களிடம் சொல்லாமல் வந்தாராம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறியவர், உட்காருவதற்கு முன்பே, "தம்பி, அவரு எரிக்கல. டிரங்குப் பெட்டியில இருக்கு. சாவிய இடுப்புலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கறாரு. தூக்கத்துலயும் கையால தடவிப் பாத்துக்கறாரு" என்றார். ஏன் எரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. உங்களால் எரிக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை போலிருக்கிறது. நீங்கள் கெட்டவர் இல்லை, மச்சான். பயந்தவர். அவள் எல்லாவற்றையும் சொன்ன அன்றைக்கு நானும் நாற்காலியில் உட்கார்ந்து பயந்தவன்தான்.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கிறது. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்ய நேரமில்லை. மதியம் ஸ்டேஷனுக்குப் போய் உங்கள் பெயரையும், வீட்டு விலாசத்தையும், பெட்டி இருக்கும் அறையையும் சொல்லிவிட்டேன். உங்கள் மனைவியும் பக்கத்தில் நின்றார். இந்தக் கடிதத்தை ராவுத்தர் கடை லோரியில் கொடுத்து அனுப்புகிறேன், இன்று மாலையே கிடைக்கும். அவர்கள் நாளைக் காலை வருவார்கள். அவர்கள் பூட்டை உடைப்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் கொடுத்தால், மறைத்தவர் என்று இல்லாமல் சாட்சி என்று உங்கள் பெயரை எழுதிக்கொள்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி இன்றிரவு ஜெயாவோடு இங்கே தங்குகிறார். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு மூட்டாதீர்கள், மச்சான். காலையில் வீட்டில் இருங்கள்.

நாகமுத்து